ஆறாவது பிடி

சயான் கோலிவாடாவில், மாவு மில்லுக்கு மேல் அறை.
பதினெட்டு பாஸ்போர்ட்டையும்
ரப்பர் பேண்டு போட்டு அரிசி டப்பாவில் வைத்திருந்தேன்.
காலையில் எண்ணினால் பதினெட்டு.
மாலையில் பதினேழு.

இசக்கிராஜ் வந்து வாங்கிப் போனான்.
"புனேயில செவன்ஸ் கேம்ப், அக்கா. மாசம் பணம் தராங்க.
தினம் நாலு முட்டை."
பணத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தான்.
முட்டையைச் சொல்லும்போது தரையைப் பார்த்தான்.

போர்ட் மோர்ஸ்பி போக
சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டும்.
குழு டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று.
பெயர் மாற்றினால் தலைக்கு நாலாயிரம்.
அந்த ஊரில் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க
மரமேறுகிறார்களாம், கிளை முறிகிறதாம்.
இங்கே அன்டாப் ஹில் மைதானத்தில்
ஏழு கிரிக்கெட்டுகளுக்கு நடுவே
கயிறு பிடித்து அளந்து சுண்ணாம்புக் கோடு போடுவேன்.
யாரோ ஒருவருடைய லாங் ஆன்
பின்னால் ஓடி வந்து அதை மிதித்து அழிப்பான்.

விசா படிவம் குடும்பப் பெயர் கேட்டது.
சுடலைக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
அப்பா பெயர் உண்டு.
அப்பாதான் இல்லை.
அந்த ஒரு கட்டத்தை நிரப்ப ஒரு மத்தியானம் ஆனது.
நிரப்பிய வாரமே கபடி ஏலத்தில் போய்விட்டான்.
டிவியில் பார்த்தேன்:
நான் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்த அந்தக் குனிவு,
மூன்று பேர் மேல் விழ, கோட்டைத் தொட்டுவிட்டான்.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.
கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹேமந்த் தாண்டேல், பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்துக்கு.
பர்வேஸ், தோஹாவுக்கு, ஏசி மெக்கானிக்காக.
ஜெயசிங்கின் பாஸ்போர்ட்டை
அவன் பெண்டாட்டி வந்து கேட்டாள். கொடுத்தேன்.

எங்கள் ஆட்டத்தில் ஆறு முறை பிடிபடலாம்.
ஆறாவது முறை விழுந்தால்
பந்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டு எழ வேண்டும்.
தகராறு கூடாது.

ஆறாவதாக வந்தவன் ஞானதுரை.
என் கேப்டன்.
செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு
ரொம்ப நேரம் உள்ளே வராமல் நின்றான்.
"வேலை போட்டுத் தராங்க, அக்கா.
பதினைஞ்சுல ஆடினாத்தான்."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன்.
ஐந்து பேருக்குச் சொல்லாமல் விட்டதும் அதில் சேர்த்தி.
வாய் திறந்தபோதுதான் ஞாபகம் வந்தது:
நூறு வருஷத்துக்கும் முன்னால், புகை பிடித்த ஏதோ குளிர் ஊரில்,
சுரங்கத்துக்காரனும் மில்காரனும் கேட்டார்களாம்,
சனிக்கிழமை ஆட வந்தால் போகிற கூலியை யார் தருவது என்று.
தர முடியாது என்றார்கள் கோட்டுப் போட்டவர்கள்.
அந்தக் கூலிதான் எங்கள் ஆட்டம்.
தனிக்குடித்தனம் வந்த பிறகு
பதினைந்தில் இரண்டு பேரைக் கழித்து
ஓட இடம் பண்ணிக்கொண்டார்கள்.

கூலி கேட்டு வெளியேறியவர்கள் கட்டிய வீட்டிலிருந்து
கூலி கேட்டு வெளியேறுகிறவனை
நான் எந்த வாயால் திட்ட?

பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.
வெள்ளைப் பின்னணியில் காது தெரிய எடுத்த
நாலு போட்டோவில் மூன்றைக் கொடுத்தேன்.
நாலாவதைப் படிவத்தில் ஒட்டிவிட்டேன், பிய்க்க வராது
என்று ஒரு பொய்.

பன்னிரண்டு.
ஒரு அணிக்கு ஒன்று குறைவு.
போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கேட்டுவிட்டார்கள்:
எத்தனை பேருக்குச் சாப்பாடு?

ஞாயிறு காலை சுண்ணாம்பு வாளியோடு நின்றேன்.
பந்து உயரப் போனது.
லாங் ஆன் பின்னால் ஓடி வந்தான், கழுத்தைத் திருப்பாமல்,
என் கோட்டை நடுவில் மிதித்து,
மார்போடு அணைத்துப் பிடித்தான்.
மூன்று வருஷமாக இவனைத் திட்டியிருக்கிறேன்.
தோளை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேர் கேட்டேன். கிரண் வாக்மாரே.
பாஸ்போர்ட் இருக்கிறதா என்றேன்.

பிட்சிலிருந்து ஃபேங்க், ஃபேங்க் என்று கத்துகிறார்கள்.
அவன் பந்தை எறியாமல் நிற்கிறான்.